வலது கால்

"மூச்சை மெதுவா விடுங்க. யாரும் உங்களைத் துரத்தலை," என்று பிலோமினா டீச்சர் சொன்னார். நஞ்சப்பன் மூச்சை விட்டார். விட்டதும் தலையைக் கொஞ்சம் தூக்கித் தன் வலது காலைப் பார்த்துக்கொண்டார். கால் சும்மாதான் கிடந்தது. சாம்பல் நிறக் கம்பளிக் காலுறைக்குள், ஒரு பாவமும் அறியாதது போல, பெருவிரல் கூரையைப் பார்த்தபடி கிடந்தது. அதை அப்படியே நம்பிவிட முடியாது. மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் இடையே முப்பத்தோரு வருஷம் பேருந்து ஓட்டிய கால் அது. ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆகிவிட்டது. பணிமனையில் மாலை போட்டார்கள், சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்தார்கள், கைக்கு விடுதலை, கண்ணுக்கு விடுதலை, முதுகுக்குக்கூட ஒருவாறு விடுதலை. வலது காலுக்கு மட்டும் யாரும் சேதி சொல்லவில்லை போலிருக்கிறது. அது இன்னமும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மருமகனின் காரில் முன் இருக்கையில் உட்கார்ந்தால் அவன் வளைவில் திருப்புவதற்கு முன்னால் இது மிதிக்கும். அந்தப் பக்கத்து ரப்பர் விரிப்பில் ஒரு பாதத்தின் அளவுக்குப் பள்ளமே விழுந்துவிட்டது. பல் மருத்துவரின் நாற்காலியில் மிதித்திருக்கிறது, பேத்தியின் பள்ளி விழாவில் முன் வரிசை நாற்காலியை மிதித்து ஒரு அம்மாளிடம் முறைப்பு வாங்கித் தந்திருக்கிறது. அதெல்லாம் வீட்டில் சொல்லிச் சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது. கார்த்திகை மாசம் ஒரு நாள் தூக்கத்தில் காலைத் தூக்கி ஓங்கி மிதித்தார். குதிகால் போய் விழுந்தது பக்கத்தில் படுத்திருந்த மயிலாத்தாளின் இடது முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல். அவளுக்குச் சர்க்கரை. மற்றவர்களுக்கு மூன்று நாளில் ஆறுகிற காயம் அவளுக்கு ஐந்து வாரம் ஆறாமல் கிடந்தது. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. மிதித்த மறுநாளே தன் தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்து மரக்கட்டிலுக்கு வந்துவிட்டார்.

"இப்ப ரெண்டு முழங்காலையும் மடக்கி நெஞ்சுகிட்ட கொண்டுவாங்க. எவ்வளவு வருதோ அவ்வளவு போதும். குழந்தையைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி." டீச்சர் முன்பு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். குரலில் இன்னமும் காய்ச்சலுக்குத் துணி நனைத்துப் போடுகிற பக்குவம் இருந்தது. நஞ்சப்பன் முழங்காலைக் கட்டிக்கொண்டார். தரை முதுகுக்கு இதமாகச் சுட்டது. குன்னூரில் தை மாசத்துக் காலையில் சுடுகிற தரை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். வெளியே புல்லின் மேல் உறைபனி உப்புப் போல் கிடக்கிறது, குழாய்த் தண்ணீர் விரலைக் கடிக்கிறது. இந்த மாடி அறை மட்டும் அடுப்படி போல இருக்கிறது, ஏனென்றால் கீழே பேக்கரி. விடியும் முன்பே வர்க்கி பிஸ்கட் போடுகிற விறகடுப்பை மூட்டிவிடுகிறார்கள், அதன் புகைபோக்கி இந்த அறையின் மேற்குச் சுவருக்குள் புகுந்து கூரைக்குப் போகிறது. ஆறரை மணிக்கு யோகா வகுப்புத் தொடங்கும்போது சிவப்புச் சிமெண்டுத் தரை இளஞ்சூடாகவும், மேற்குச் சுவர் தோசைக்கல் ஆறிக்கொண்டிருப்பது போலவும் இருக்கும். அந்தச் சுவரோரம் பாய் விரிக்கத்தான் எல்லாருக்கும் போட்டி. கேரட் தோட்டக்காரர் போஜன் கடைசியில் வந்தாலும் அங்கேதான் நுழைவார். இன்றைக்கும் வந்தார். மயிலாத்தாள் நஞ்சப்பனின் பாயை அங்கே விரித்து அதன் மேல் தன் பையையும் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, நாற்காலிக்குத் துண்டு போடற மாதிரி இடம் பிடிக்கறீங்க," என்றார். "பஸ்ல ஜன்னல் வழியாத் துண்டு போட்டுப் பழகினவங்க நாங்க," என்றாள் அவள். நடுவில் அவள் தன் பாயை விரித்து, அவளுக்கு இடப்புறம் சுவரோரத்தில் நஞ்சப்பனைப் படுக்க வைத்தாள். வீட்டுக் கட்டிலிலும் அதே வரிசைதான். சுவர், அவர், அவள். படுத்த பிறகுதான் அது அவருக்கு உறைத்தது. நாற்பத்து மூன்று நாள் ஆகிறது, இந்த வரிசையில் படுத்து. இல்லை, வகுப்பு நாட்களைக் கழித்தால் குறையும். கழிக்கலாமா. பட்டப்பகலில், போஜனும் மற்றவர்களும் பக்கத்தில் இருக்க, விளையாட்டு உடுப்புப் போட்டுக்கொண்டு படுப்பதெல்லாம் கணக்கில் சேருமா.

நிபந்தனை போட்டது அவர்தான். "ஒறங்கும்போது மிதிச்சா நான் பொறுத்துக்கறேனுங்க, நீங்க உள்ள வந்து படுங்க," என்று அவள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். நடுவில் ஒரு தலையணை வைக்கலாம் என்றாள். காலைக் கட்டிலோடு கட்டிவிடட்டுமா, தாம்புக் கயிறு இருக்குது என்றாள். அவர் அசையவில்லை. அந்தப் புண்ணுக்கு மருந்து போட ஆஸ்பத்திரிக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் கூட்டிப்போனபோது, துணியைப் பிரிக்கிற நர்ஸ், "எப்படிம்மா பட்டுச்சு?" என்று கேட்க, மயிலாத்தாள், "கல்லு," என்றாள். கல். முப்பத்தெட்டு வருஷம் ஒன்றாக இருந்த பிறகு அவருடைய கால் ஒரு கல். அவள் அவரைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள், அது தெரியும். தெரிந்தும் அந்தக் கல் அவர் நெஞ்சில் எங்கேயோ உட்கார்ந்துகொண்டது. பிறகு அவளே இந்த வகுப்பைக் கண்டுபிடித்தாள். வர்க்கி வாங்கப் போனவள் மாடிப்படியில் எழுதி ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டு வந்து, "மெதுவா, வலிக்காம, வயசானவங்களுக்குன்னு போட்டிருக்குது. காலை எப்படிச் சும்மா வெக்கிறதுன்னு சொல்லித் தருவாங்களாமா," என்றாள். அப்போதுதான் அவர் சொன்னார். கடைசியில் பத்து நிமிஷம் சவாசனம் போடுவார்களாமே, அந்தப் பத்து நிமிஷமும் கால் அசையாமல் இருந்தால் உள்ளே வந்து படுக்கிறேன். அசைந்ததா இல்லையா என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும். இது ஆறாவது வகுப்பு. ஐந்து வகுப்பிலும் அவள் பார்த்துச் சொன்னாள். முதல் நாள் நான்கு தடவை. அப்புறம் மூன்று. அப்புறம் மறுபடி நான்கு, அன்றைக்கு வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. போன வகுப்பில் ஒரே ஒரு தடவை. "ஒண்ணுதானுங்க, அதுவும் சின்னது, ஈ உக்காந்த மாதிரி," என்றாள். ஒன்று போதும். அவளுடைய எலும்புக்கு ஒன்று போதும்.

"பூனை முதுகை வளைக்கிற மாதிரி. மூச்சை இழுக்கும்போது வயிறு கீழே. விடும்போது முதுகு மேலே." கையும் முழங்காலும் ஊன்றி அவர் முதுகை மேலும் கீழும் ஆக்கினார். முதுகெலும்புக்குள் ஏதோ கண்ணாடி வளையல்கள் போலச் சத்தம் கேட்டது. கீழேயிருந்து வர்க்கி வேகிற வாசனை தரைவழியாகவே ஏறியது, மைதா முறுகுகிற, கொஞ்சம் உப்பான, கொஞ்சம் புளித்த வாசனை. வண்டியில் கடைசி வரிசையில் பத்துக் காகிதப் பை வர்க்கி ஏறினால் முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். ஊருக்குத் திரும்புகிறவர்கள். எல்லாரும் மலையை விட்டு இறங்கும்போது ஒரு பை வர்க்கியும் ஒரு தைலப் பாட்டிலும் வாங்கிக்கொண்டுதான் இறங்குவார்கள், நான்கு வளைவு தாண்டுவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், குழந்தைகள் வாந்தி எடுப்பார்கள். அவர் கண்ணாடியில் பார்ப்பார். வரிசை வரிசையாகத் தலைகள், ஒரே பக்கம் சாய்ந்து, வளைவு திரும்பினால் எல்லாத் தலையும் சேர்ந்து மறுபக்கம் சாயும். தெரியாத ஒரு மனிதனை நம்பி இத்தனை பேர் எப்படித் தூங்குகிறார்கள் என்று அவருக்கு ஆச்சரியமாக இருக்கும். அவரால் முடியாது. அவர் ஒரு நாளும் யாருடைய வண்டியிலும் கண் மூடியதில்லை. இந்த அறையிலும் டீச்சர் கண்ணை மூடச் சொன்னால் இமைக்கு நடுவே ஒரு நூல் இடைவெளி விட்டே மூடுகிறார். அந்த இடைவெளியில் இப்போது மயிலாத்தாள் தெரிந்தாள். அவளும் பூனையாக நின்றாள். நரைத்த பின்னல் தோளிலிருந்து வழுகிப் பாயைத் தொட்டது. சேலைக்குப் பதில் மகள் வாங்கித் தந்த சுடிதார், கால்சட்டையின் இடது விளிம்பு ஏறி அந்தத் தழும்பு தெரிந்தது. பழுப்பாக, ஒரு புளியங்கொட்டை அளவில். அவர் அவசரமாகத் தன் பாயைப் பார்த்தார். அவளும் திரும்பினாள். "முதுகு இன்னும் வளையுதுங்களே உங்களுக்கு," என்றாள் மெல்ல. "பேசாம மூச்சை விடு, மயிலு," என்றார் அவர். அடுத்த பாயில் போஜன், "அக்கா, டிரைவரண்ணன் வளைவுன்னா விடுவாரா," என்றார். டீச்சர் கூடச் சிரித்துவிட்டார்.

பிறகு காலைச் சுவரில் தூக்கி வைக்கச் சொன்னார் டீச்சர். நஞ்சப்பனுக்கு இது பிடிக்கும். புகைபோக்கிச் சுவரில் இரண்டு காலும் நிமிர்ந்து சாய்ந்திருக்க, குதிகாலிலிருந்து சூடு மெல்ல இடுப்புக்கு இறங்கும். காலுக்கு அடியில் ஏதோ ஒன்று உறுதியாக இருக்கிறது, அதுதான் காரணம் என்று இன்றைக்குத் திடீரென்று தோன்றியது. உறுதியாக ஒன்று இருந்தால் கால் தேடுவதில்லை. அப்படியென்றால் தூக்கத்தில் அது தேடுவது பிரேக்கை அல்ல, பிரேக்குக்குக் கீழே இருக்க வேண்டியதை. அவர் அந்த நினைப்பைத் தள்ளப் பார்த்தார். டீச்சர் சொல்லியிருக்கிறார், நினைப்பு வந்தால் துரத்தாதீர்கள், வந்து போகட்டும் என்று. அது வந்தது, போகத்தான் இல்லை. ஆடி மாசம், சாரல், ஆறாவது வளைவுக்குச் சற்று மேலே. மூடுபனியில் சாலை ஒரு வண்டி நீளத்துக்குத்தான் தெரிந்தது. மிதித்தார். மிதி உள்ளே போனது, போய்க்கொண்டே இருந்தது. கீழே ஒன்றும் இல்லை. பிரேக்குக்குப் போகிற ஏர் இறங்கிவிட்டது, குழாய் எங்கேயோ கழன்றுவிட்டது என்று மண்டை சொல்லியது, கால் கேட்கவில்லை, வெறும் மிதியை மிதித்துக்கொண்டே இருந்தது. கை தானாக முதல் கியருக்குத் தள்ளி வண்டியை மலைப்பக்கம் ஒடித்துச் சாலையோர ஓடைக்குள் இறக்கியது. பாறையில் உரசி, முனகி, நின்றது. வண்டியில் ஐம்பத்திரண்டு பேர். கண்ணாடியில் பார்த்தார், தலைகள் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. முழித்த இரண்டு மூன்று பேர், "என்ன, டீயா?" என்று கேட்டார்கள். மூன்றாவது வரிசை ஜன்னலில், மடியில் ஒரு வயதுப் பெண்குழந்தையோடு, வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள் மயிலாத்தாள். கண்டக்டர் ரசாக் இறங்கி ஓடிப்போய்ச் சக்கரத்துக்கு மரக்கட்டையை அணைத்து வைத்துவிட்டு வந்தான். எப்போதும் போல வண்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி, "கட்டை போட்டாச்சுண்ணே, காலை எடுங்க," என்றான். அவரால் எடுக்க முடியவில்லை. ரசாக் உள்ளே ஏறி, குனிந்து, இரண்டு கையாலும் அவருடைய கணுக்காலைப் பிடித்து, பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்குவது போல இறக்கி வைத்தான். குழாயை மாட்டி, ஏர் ஏறக் காத்திருந்து, பயணிகளிடம் எஞ்சின் சூடாகிவிட்டது என்று சொல்லிவிட்டு இருவரும் வண்டியைக் கீழே கொண்டு சேர்த்தார்கள். கல்லாறில் நிறுத்தியபோது நஞ்சப்பன் இறங்கிப் போய் ஒரு கூடை மங்குஸ்தான் பழம் வாங்கி வந்து மயிலாத்தாளின் மடியில் வைத்தார். "எதுக்குங்க இத்தனை?" என்றாள். "மலிவாக் கிடைச்சுது," என்றார். அவ்வளவுதான் சொன்னது. இருபத்தேழு வருஷம் அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு தினமும் படுக்கப் போகும் முன் வாசல் கதவைத் தாழிட்டு, பின்கதவைத் தாழிட்டு, அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து, "கட்டை போட்டாச்சு," என்று சொல்லாமல் அவர் விளக்கை அணைத்ததில்லை. அவளும் அதைக் கேட்காமல் கண்ணை மூடியதில்லை. அதை ஏதோ டிரைவர் வீட்டு வேடிக்கை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கூடத்துக்கு வந்த பிறகு அவர் அதைச் சொல்லவில்லை. தாழ்தான் போடுகிறார்.

"காலை மெதுவா இறக்கிப் படுத்துக்குங்க. சவாசனம். போர்வை வேணும்னா போர்த்திக்கலாம்." சன்னல் திரையை இழுத்துவிட்டார்கள். அறை தேன் நிறத்துக்கு வந்தது. பக்கத்தில் மயிலாத்தாள் ஒருக்களித்துப் படுப்பது கேட்டது. பார்த்துச் சொல்ல வேண்டியவள் அல்லவா, அவளுக்குச் சவாசனம் இல்லை. ஆறு வகுப்பாக அவருக்காக அவள் இந்தக் கடைசிப் பத்து நிமிஷத்தை விட்டுக்கொடுத்துக் காவல் இருக்கிறாள் என்பது இப்போதுதான் அவருக்குத் தோன்றி, வெட்கமாக இருந்தது. "உடம்பு பாரமாகுது," என்றார் டீச்சர். "பாரமாகி, கீழே, கீழே இறங்குது." இந்த அம்மாள் ஒரு நாளாவது மேலே ஏறுது என்று சொல்லக் கூடாதா. இறங்குது என்றால் பிரேக்தான். ஏறுகிற வண்டிக்குப் பிரேக் எதற்கு. அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினார், வயிறு குலுங்கியது. கால் குலுங்கியிருக்குமோ. பார்க்கக் கூடாது. பார்த்தால் அசைந்ததாகிவிடும். கண்ணை மூடினார், நூல் இடைவெளியோடு. பதினாலாவது வளைவு. பதின்மூன்று. இறங்காமல் இருக்க முடியாது, டீச்சர் இறக்கிவிட்டார். பன்னிரண்டு. வண்டியில் யாருமில்லை, வர்க்கி வாசனை மட்டும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. ஒன்பது. மூடுபனி இதமாகச் சூடாக இருக்கிறது, இது என்ன மூடுபனி. ஏழு. கீழேயிருந்து ஒரு வண்டி ஏறி வருகிற வெளிச்சம் தெரிகிறது. ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும், அதுதான் மலைப்பாதையின் மரியாதை. அவர் ஓரம் கட்டினார். நிறுத்தினார். அந்த வண்டி போகட்டும் என்று காத்திருந்தார். காலை எடுக்கலாம், ஆனால் இரண்டு தட்டுச் சத்தம் கேட்கவில்லை. ரசாக் இல்லை. ரசாக் திருப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறான், போன ரம்ஜானுக்குப் பிரியாணி கொடுத்துவிட்டான். கட்டை போட ஆள் இல்லையே. வண்டி நகர்கிறதா. ஒரு மயிரிழை. நகர்கிறது. மூன்றாவது வரிசையில் அவள் இருக்கிறாள், எப்போது ஏறினாள், இப்போதைய நரையோடு, கால்சட்டையோடு, வாயைத் திறந்துகொண்டு. அவர் காலை மிதித்தார். மிதி உள்ளே போனது, கீழே ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை, பிறகு இருந்தது. ஏதோ ஒன்று உள்ளங்காலில் வந்து அணைந்தது. கம்பளியாக, வெதுவெதுப்பாக, அழுத்தினால் திருப்பி அழுத்துகிற மாதிரி. அவர் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்த்தார். அது விலகவில்லை. ஏறுகிற வண்டி தன் வெளிச்சத்தோடு பக்கத்தில் உரசாமல் கடந்து மேலே போனது. நூல் இடைவெளி மூடிக்கொண்டது அவருக்குத் தெரியாது.

"டிரைவரண்ணன் குறட்டையில கீழே மாவு ரெண்டு தடவை பொங்கிருக்கும்," என்று யாரோ சொல்வது கேட்டுத்தான் கண் விழித்தார். போஜன் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். திரையை விலக்கியிருந்தார்கள். டீச்சர் கதவருகே நின்று எல்லாரிடமும் அடுத்த வகுப்பு வெள்ளிக்கிழமை என்று சொல்லிக்கொண்டிருந்தார். நஞ்சப்பன் எழுந்து உட்கார்ந்தார். தூங்கியிருக்கிறார். பத்துப் பேருக்கு நடுவில், கண்ணை முழுசாக மூடிக்கொண்டு. மயிலாத்தாள் தன் பாயில் உட்கார்ந்து இடது காலுறையைக் கழற்றி, கால் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். பாதத்தின் மேல் கம்பளிப் பின்னலின் அச்சு சிவப்பாகப் பதிந்திருந்தது. வரிசை வரிசையாக, யாரோ வெகுநேரம் அழுத்தியது போல. அவர் பார்க்கிறார் என்று தெரிந்ததும் காலுறையை மாட்டிக்கொண்டாள். "எத்தனை தடவை?" என்று கேட்டார். "எத்தனையுமில்லைங்க," என்றாள் அவள். "ஆடவே இல்லை." "மயிலு." "ஒறங்கினது நீங்க. பாத்தது நானு. நான் சொல்றதுதான் கணக்குன்னு நீங்கதானே சொன்னீங்க." அவள் முகத்தை வைத்திருந்த விதம் நர்ஸிடம் கல் என்று சொன்னபோது வைத்திருந்த அதே விதம். அவர் சுவர் பக்கம் திரும்பிப் பாயைச் சுருட்டினார். கட்டிய கயிறு இரண்டு முறை அவிழ்ந்தது.

மாடிப்படி குறுகல், ஒருவர் பின் ஒருவராகத்தான் இறங்க முடியும். அவள் முன்னால் போனாள். கைப்பிடிச் சுவரும் வெதுவெதுப்பாகவே இருந்தது. பாதிப் படியில் அவர் நின்றார். "அன்னைக்கு ஆறாவது வளைவுல எஞ்சின் சூடாகலை," என்றார். அவள் இறங்கிக்கொண்டே இருந்தாள். "பிரேக் இல்லை. நீ தூங்கிட்டிருந்தே. பாப்பா மடியில இருந்தா." கீழே பேக்கரியில் தகரத் தட்டுகளை இழுக்கிற சத்தம் கேட்டது. அவள் இன்னும் இரண்டு படி இறங்கி நின்று, அண்ணாந்து அவரைப் பார்த்தாள். "அதுக்குத்தானுங்களா ஒரு கூடை மங்குஸ்தானு?" என்றாள். "ரெண்டு கேட்டா ஒண்ணு வாங்கித் தர்ற மனுசன். அப்பவே நினைச்சேன், இந்த மனுசனுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். அடுப்புப் புகை என்று சொல்லவும் இல்லை. கையை மட்டும் மேலே நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டார். "படியைப் பாத்து இறங்குங்க," என்றாள்.

வீட்டுக்கு வரும்போது எட்டரை. வெயில் வந்து உறைபனி கரைந்து, முற்றத்துக் கொடியில் நேற்றுக் காயப்போட்ட துணிகள் புகைவது போல ஆவி விட்டன. அவள் வர்க்கிப் பையோடு சமையலறைக்குப் போனாள். பால் பொங்குகிற சத்தம், தம்ளர் சத்தம். நஞ்சப்பன் கூடத்து மரக்கட்டிலிலிருந்து தலையணையை எடுத்தார். அதில் நாற்பத்து மூன்று நாள் தனியாகப் படுத்த பள்ளம் இருந்தது, தட்டிச் சரிசெய்தார். உள்ளே கொண்டுபோய்ச் சுவரோரம், அவளுடைய தலையணைக்கு இடப்புறம் வைத்தார். கட்டில் கொஞ்சம் கிரீச்சிட்டது. "அங்க என்னுங்க சத்தம்?" என்று அவள் சமையலறையிலிருந்து கேட்டாள். அவர் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து, வலது காலைத் தூக்கி இடது முழங்கால் மேல் வைத்து, ரசாக் பிடித்தது போல இரண்டு கையாலும் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்லை, மயிலு," என்றார். "கட்டை போட்டாச்சு."